திருவதிகை ஜாவாவில் சார்ஜ் ஏறுமாறு: ஓர் அளவையியல் ஆய்வு

1. ஆய்வின் தேவை

உலகம் எப்படித் தோன்றியது என்பதற்குத் தமிழில் நூல்கள் உண்டு. உயிர் உடலை விட்டு எங்கே போகிறது என்பதற்கும் உண்டு. என் தாய்மாமாவின் ஜாவா மோட்டார் சைக்கிளில் சார்ஜ் ஏறுகிறதா என்பதற்கு மட்டும் இதுவரை ஒரு நூலும் இல்லை. துண்டுப் பிரசுரம்கூட இல்லை. தமிழ் ஆய்வுலகின் இந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

கேள்வி பிறந்த இடம் கெடில ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு டீக்கடை. எழுப்பியவர் ஒரு புல்லட்காரர். புல்லட்காரருக்கும் ஜாவாக்காரருக்கும் உள்ள பகை, சைவ வைணவப் பகைக்கு வயதில் இளையது. ஆனால் அதில் ஹரிஹரன் போல நடுவே நிற்க ஒரு சாமி இல்லை. முதல் நாள் இரவு மாமாவின் வண்டிக்கு எதிரே வந்த அவர் ஒரு நுட்பத்தைக் கவனித்திருக்கிறார்.

"நீ முறுக்கும்போதும் லைட்டு அதே மங்கல், விடும்போதும் அதே மங்கல். ஏறுற வண்டின்னா முறுக்குனா பளிச்சுனு ஆவணும். உன் வண்டில சார்ஜ் ஏறலய்யா."

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "முப்பத்தஞ்சு வருஷம் நெய்வேலில இருந்தவன் நான். எனக்கே கரண்ட் பாடமா?"

மே மாத விடுமுறையில் பலாப்பழம் தின்பதற்காக ஊருக்கு வந்திருந்த இந்த ஆய்வாளன், கையில் மல்டிமீட்டர் இருந்த ஒரே குற்றத்துக்காக நடுவராக நியமிக்கப்பட்டான்.

2. ஆய்வுக் களம்

பண்ருட்டியை ஒட்டி, கெடிலத்தின் கரையில் இருக்கிறது திருவதிகை. வண்டி பழுது பற்றிய எந்த ஆய்வையும் இந்த ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும். சிவன் முப்புரம் எரித்த தலம் இது. அட்ட வீரட்டானங்களில் ஒன்று. அந்தப் போருக்குக் கிளம்பிய தேரைப் பற்றி நம் மக்கள் சொல்லும் செய்தியை ஆட்டோமொபைல் துறையினர் இன்னும் கவனிக்கவில்லை. பூமியே தட்டு, சூரிய சந்திரர் சக்கரம், பிரமன் டிரைவர். பிள்ளையாரைக் கும்பிடாமல் எடுத்ததால் வழியில் அச்சு முறிந்தது. முறிந்த இடம் அச்சிறுபாக்கம். தமிழ்நாட்டில் வண்டி நின்ற ஊருக்கு அந்தக் காரணத்தையே பெயராக வைத்த முதல் பிரேக்டவுன் அதுதான். அந்த வண்டி போய்ச் சேரவேண்டிய இடம் திருவதிகை.

இன்னொன்று. முப்புரத்து அசுரர் மூவர்: தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி. கோட்டைகள் பொன், வெள்ளி, இரும்பு. இரும்புக் கோட்டை வித்யுன்மாலியுடையது. வித்யுத் என்றால் மின்னல். மின்னலை மாலையாகப் போட்டவன் என்று பொருள். இரும்புக்குள்ளே மின்னல் மாலை! இதைவிடத் தெளிவாக டைனமோவை ஒருவர் வருணிக்க முடியாது. ஆகவே இந்த ஊரில் டைனமோ எரிந்து போவதற்குப் புராண ஆதாரம் இருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே பதிவு செய்கிறேன்.

களத்தின் மறுபாதி நெய்வேலி, முப்பது கிலோமீட்டருக்குள். பழுப்பு நிலக்கரி நிறுவனம் அங்கே தொடங்கியது 1956இல். சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, படிப்படியாக 600 மெகாவாட்டுக்கு வளர்ந்து, 2020இல் ஓய்வு பெற்றது. மாமா அதற்குச் சில வருடங்கள் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். மாமாவின் ஜாவாவிலுள்ள டைனமோ 45 வாட். எனவே அந்த மின்நிலையம் 1 கோடியே 33 லட்சம் ஜாவாக்களுக்குச் சமம். இந்தக் கணக்கால் யாருக்கும் பயன் இல்லை. ஆய்வுக் கட்டுரையில் ஒரு கணக்காவது இருக்கவேண்டும் என்பது மரபு.

3. ஆய்வுப் பொருள்

ஜாவா என்ற பெயரைச் சாவகத் தீவோடு சேர்த்து, மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்த சாவக நாட்டிலிருந்து வந்த வண்டி என்று சொல்லத் தோன்றும். மாமா அப்படித்தான் சொல்லி வருகிறார். மறுக்கிறேன். 1929இல் செக்கோஸ்லோவாக்கியாவில் யானெசெக் என்ற ஆயுதத் தொழிற்சாலைக்காரர், வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் உரிமையை வாங்கினார். ஆங்கில எழுத்தில் அவர் பெயரின் முதல் இரண்டெழுத்தும் கம்பெனிப் பெயரின் முதல் இரண்டெழுத்தும் சேர்ந்தது ஜாவா. இந்தியாவில் மைசூரிலிருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. 1973 முதல் அதே வண்டிக்கு எஸ்டி என்று பெயர் மாறியது. தொழிற்சாலை 1996இல் மூடியது. உதைக்கும் லீவரே மடங்கி கியர் லீவராகும் அதிசயம் இந்த வண்டிக்கு உரியது; அதை முதன்முதலில் ஓட்டுகிறவன் படும் பாடு தனிக் கட்டுரைக்கு உரியது.

இனி மின்சாரம். இன்ஜினின் வலது பக்கம், கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியிலேயே டைனமோ உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட் சுற்றினால் அதுவும் சுற்றும். சுற்றுகிற செப்புப் பட்டைகள்மேல் இரண்டு கார்பன் கட்டிகள் உரசிக் கரண்ட்டை வழித்தெடுக்கும். 6 வோல்ட், 45 வாட். வகுத்துப் பார்த்தால் ஏழரை ஆம்பியர். ஏழரை என்று பேர் வைத்துவிட்டுப் பிறகு ஏன் படுத்துகிறது என்று கேட்பதில் நியாயம் இல்லை.

டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே ரெகுலேட்டர் பெட்டி. அதற்குள் இரண்டு வேலைக்காரர்கள். ஒருவர், வோல்ட் அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்பவர். மற்றவர் கட்-அவுட். தமிழ்நாட்டில் கட்-அவுட் என்றால் பாலாபிஷேகம் நினைவுக்கு வரும், இது வேறு. டைனமோவின் வோல்ட் பேட்டரியைத் தாண்டினால்தான் கட்-அவுட் கதவைத் திறக்கும். இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். மூடாமல் ஒட்டிக்கொண்டால், பேட்டரி தன் சொத்தையெல்லாம் டைனமோவுக்குள் திருப்பி ஊற்றிவிட்டு ஓட்டாண்டியாக நிற்கும்.

இந்த வண்டியில் பிளக்குக்குப் பொறி தருவதும் பேட்டரியே. எனவே பேட்டரி போனால் லைட் மட்டும் போகாது, வண்டியே நிற்கும். இதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

4. சொல்லாராய்ச்சி

தமிழில் சார்ஜ் ஏறும். மரம் ஏறும், பஸ் ஏறும், விலை ஏறும், சாமி ஏறும், விஷம் ஏறும். அந்த வரிசையில் சார்ஜும் ஏறும். ஏறியது தங்கினால் "நிக்குது". தங்காவிட்டால் "நிக்கல". முழுக்க இறங்கிவிட்டால் பேட்டரி "உக்காந்துடுச்சு". ஏறுவது, நிற்பது, உட்காருவது என்று இந்தத் துறையின் வினைச்சொற்கள் எல்லாம் மனிதனுக்குரியவை. அடுத்த நிலையாகப் பேட்டரி படுக்கும் என்று எதிர்பார்த்துப் பல ஒர்க்‌ஷாப்களில் விசாரித்தேன். படுப்பதில்லை. உட்கார்ந்தபடியே உயிரை விடுகிறது.

டெர்மினலில் வெள்ளையாகப் பொடி படிவதற்குப் பெயர் "பூத்துப்போறது". ஆசிட் கசிந்து ஈயத்தை அரித்ததால் வந்த உப்பு அது. மற்ற மொழிக்காரர்கள் இதை அரிப்பு என்கிறார்களாம். நாம் பூ என்கிறோம். பேட்டரி விஷயத்தில் தமிழன் கவிஞன், வைத்தியம் அப்புறம்தான்.

5. அளவைகள்

ஒன்றை உண்மை என்று அறியும் வழிகளுக்கு நம் முன்னோர் அளவை என்று பெயரிட்டார்கள். மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துச் சொல்கிறான். இவ்வாய்வில் அவற்றுள் ஏழு கையாளப்பட்டன. மீதி மூன்றுக்கு மாமா நேரம் ஒதுக்கவில்லை. சோதனை நடந்தது ஞாயிற்றுக்கிழமை காலை, மாமா வீட்டு வாசலில். வந்திருந்தவர்கள் பதினோரு பேர். ஒருவர் முறுக்கவும் ஒருவர் மீட்டர் பார்க்கவும் இரண்டு பேர் போதும். மீதி ஒன்பது பேர் "நல்லா ரேஸ் குடு" என்று சொல்வதற்காக.

அ. காட்சி. நேரில் பார்த்து அறிவது. புல்லட்காரர் தன் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஹெட்லைட் மேலிருந்த ஆம்பியர் மீட்டரைக் காட்டினார். நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். முறுக்கினார், முள் கூட்டல் பக்கம் சாய்ந்தது. "பாத்தியா, ஏறுது!"

1955இல் சென்னை திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி மேல் இந்த ஆய்வாளனுக்கு மதிப்பு உண்டு. ஆனால் முள்ளின் வாக்குமூலத்தைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்க முடியாது. அந்த மீட்டர் சொல்வது பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்பதை மட்டும். வயிறு நிறைந்த பேட்டரி அதிகம் வாங்காது. அப்போது முள் நடுவை ஒட்டி நிற்கும், அதுவே ஆரோக்கியம். எந்நேரமும் கூட்டல் பக்கம் சாய்ந்தே இருந்தால் பேட்டரி பசியில் இருக்கிறது, அல்லது கட்டுப்பாடு கெட்டு ஆசிட்டைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. புல்லட்காரர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். அவர் வீட்டில் டிஸ்டில்டு வாட்டர் கேன் கேனாகச் செலவாவதாகப் பிறகு தெரிய வந்தது.

ஆ. கருதல். புகையைப் பார்த்து நெருப்பு உண்டு என்பது. இந்த உதாரணம் ஜாவாவில் செல்லாது. பெட்ரோலோடு ஆயில் கலந்து குடிக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டி. புகைக்குப் பஞ்சமில்லை, நெருப்பு வருகிறதா என்பதுதான் எப்போதும் கேள்வி. ஆகவே ஹாரனை வைத்துக் கருதினோம். நல்ல வண்டியில் முறுக்கினால் ஹாரன் சுருதி கூடும். மாமா அடித்தார். ஒரே சுருதி. மெதுவாக ஓடும்போதும் அதே, வேகத்திலும் அதே. "சுருதி மாறாம இருக்கிறது நல்லதுதானேடா?" என்றார் மாமா. கச்சேரியில் ஆம்.

இ. உவமம். ஒன்றைப் போல இன்னொன்று. இதற்கு எண்கள் தேவை. மாமாவின் பேட்டரியில் மூன்று மூடி. மூடிக்கு ஒரு அறை, அறைக்கு இரண்டு வோல்ட்டும் கொஞ்சமும். வண்டி ஓடாமல் இருக்கும்போது 6.3, 6.4 காட்டினால் நிறைந்த பேட்டரி. இன்ஜினை ஓட்டி நடுத்தர வேகத்தில் முறுக்கினால் 7 வோல்ட்டைத் தொட வேண்டும், கொஞ்சம் தாண்டவும் தாண்டலாம். ஏழரையைத் தாண்டினால் ரெகுலேட்டரை விசாரிக்க வேண்டும். 12 வோல்ட் வண்டியாக இருந்தால் எல்லாவற்றையும் இரட்டித்துக்கொள்ளலாம். அறிய வேண்டியது இவ்வளவுதான்: ஓடாதபோது ஓர் எண், ஓடும்போது ஓர் எண். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் ஏறுகிறது. உலகத்தின் எல்லாப் பழைய வண்டிகளுக்கும் இந்த ஒரே உவமம்.

மீட்டரை வைத்தேன். ஓடாதபோது 6.29. மாமா உதைத்தார், மூன்றாவது உதையில் பிடித்தது. 6.15. முறுக்கினார். 6.15. இன்னும் முறுக்கினார். 6.14. பதினோரு பேரும் மீட்டரை எட்டிப் பார்த்தார்கள். புல்லட்காரர் எதுவும் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மீட்டர் எங்க வாங்கின?" என்றார் மாமா.

ஈ. ஆகமம். பெரியோர் வாக்கு. பெரியோர் என்பவர் பண்ருட்டியிலிருந்து வரவழைக்கப்பட்ட மெக்கானிக். வண்டியைத் தொடாமலே, பீடியைக் கீழே போடாமலே, சொன்னார்: "எர்த் சரியில்ல." வண்டி நின்றால் எர்த். ஹாரன் அடிக்காவிட்டால் எர்த். வீட்டில் சண்டை என்றாலும் எர்த்தாக இருக்கலாம். ஆனால் ஆகமத்தையும் சோதிக்கலாம் என்று சாத்திரம் அனுமதிக்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையைச் சுரண்டிய இன்ஜின் உலோகத்திலும் வைத்து, லைட்டைப் போட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே வோல்ட் காணாமல் போனால் அது எர்த்தின் திருட்டு. 0.02. எர்த் நிரபராதி.

மெக்கானிக் பீடியை அணைத்தார். அதன் பிறகு அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. "அப்ப கார்பன் தேஞ்சிருக்கும். இல்லன்னா டைனமோ காந்தத்த மறந்திருக்கும்."

இதை விளக்க வேண்டும். டைனமோவின் இரும்பில் நிலையான காந்தம் கிடையாது. முன்பு ஓடிய நினைவாகக் கொஞ்சம் காந்தம் இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மிச்ச நினைவை வைத்துத்தான் முதல் துளிக் கரண்ட் பிறக்கும். அது காந்தத்தை வளர்க்கும். காந்தம் கரண்ட்டை வளர்க்கும். நினைவு முழுக்க அழிந்தால் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் பிறக்காது. பேட்டரியிலிருந்து ஒரு நொடி கரண்ட்டைக் காட்டி நினைவூட்ட வேண்டும். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வலது பக்கக் கவரில் கைவைத்தார்.

"ஓடுற வண்டியத் தொறக்காத" என்றார் மாமா. குரல் மாறியிருந்தது. மெக்கானிக் கையை எடுத்துவிட்டார்.

உ. ஐதிகம். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொன்னதை நம்புவது ஐதிகம். பேட்டரி ஐதிகங்கள் ஏராளம். வெறும் தரையில் வைத்தால் சார்ஜைப் பூமி குடித்துவிடும், பலகைமேல்தான் வைக்க வேண்டும் என்பது ஒன்று. வண்டி ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்று, நிற்காமல் ஓடினால் சார்ஜ் ஏறுகிறது என்பது இன்னொன்று. புல்லட்காரர் இரண்டாவதைச் செய்தே தீரவேண்டும் என்றார். செய்யக் கூடாது. பேட்டரி என்ற தாங்கி இல்லாதபோது வோல்ட் தறிகெட்டு எகிறி பல்புகளைச் சாப்பிடும். டயோடு வைத்த வண்டியில் டயோடையும் சாப்பிடும். நான் தடுத்தேன். தடுக்காமல் இருந்திருந்தால் மாமாவின் வண்டி அந்த நொடியே நின்று, இக்கட்டுரை இந்தப் பத்தியோடு முடிந்திருக்கும்.

ஊ. அபாவம். இல்லாமையைக் கொண்டு அறிவது. மாமா தன் கடைசி ஆதாரத்தை வைத்தார். சாவி போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு. சார்ஜ் ஏறாவிட்டால் அது எரியும். ஏறினால் அணையும். "எரியுதா பாருடா. எரியல இல்ல? முடிஞ்சுது."

எரியவில்லை என்பது உண்மை. ஆனால் இல்லாமையில் இரண்டு வகை உண்டு. இருந்து இல்லாமல் போனது ஒன்று. இருந்ததே இல்லை என்பது மற்றது. சாவியைப் போட்டதும், இன்ஜினை உதைப்பதற்கு முன், டைனமோ இன்னும் சுற்றாத அந்த நேரத்தில், சிவப்பு விளக்கு எரிந்தாக வேண்டும். எரிந்த விளக்கு அணைந்தால்தான் அணைந்ததற்குப் பொருள். இன்ஜினை நிறுத்தினேன். சாவியைப் போட்டேன். விளக்கு எரியவில்லை. பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே இழை அறுந்து கரி பிடித்திருந்தது.

மாமா பல்பை வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கெடு சொல்ற பல்பு. செத்ததே நல்லது" என்றார். கூட்டம் கலைந்தது.

6. முரண்

ஆய்வு இங்கே முடிந்திருக்க வேண்டும். சார்ஜ் ஏறவில்லை. ஆனால் மெக்கானிக் போகும்போது வாசலில் நின்று ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனார். "ஏறலன்னா வண்டி எப்பிடிங்க ஓடுது?"

கணக்குப் போட்டேன். பேட்டரியின் கொள்ளளவு 14 ஆம்பியர்-மணி. பொறிக்கு மட்டும் இரண்டு ஆம்பியர் என்று வைத்தாலும் ஏழு மணி நேரம். மாமா தினமும் பண்ருட்டி மார்க்கெட்டுக்குப் போய்வர அரை மணி. ஹாரன் தனி, அவர் ஆட்டுக்கும் அடிப்பார், ஆள் இல்லாத வளைவிலும் அடிப்பார். இரவில் லைட் தனி. ஒரு வாரம், கூடிப்போனால் இரண்டு வாரம். அதற்குமேல் பேட்டரி உட்கார்ந்தாக வேண்டும். ஆனால் மூன்று வருடமாக ஒரு நாளும் வண்டி நின்றதில்லை என்று ஊரே சாட்சி சொல்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் தமிழில் ஒன்றுதான் உண்டு. மணிமேகலை கையிலிருந்த அமுதசுரபி. அது ஆபுத்திரன் கையிலும் இருந்தது. ஆபுத்திரன் சாவக நாட்டில் மறுபடி பிறந்தான். மாமாவின் பெயர்க்காரணத்தை இரண்டாம் பகுதியில் அவசரப்பட்டு மறுத்துவிட்டேனோ என்று ஒரு கணம் கலங்கினேன். (மூன்றாம் பகுதி. கலக்கத்தில் எண் தவறியது.)

7. அருத்தாபத்தி

தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனாலும் பருத்திருக்கிறான். அப்படியானால் இரவில் உண்கிறான். இதுதான் அருத்தாபத்தி. நம் தருக்க நூல்களில் தேவதத்தன் எத்தனையோ நூற்றாண்டாகத் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் யாரும் இல்லை.

தினமும் அந்தியிலும் விடியலிலும் மீட்டரை வைத்தேன். ஞாயிறு இரவு 6.24, திங்கள் காலை 6.24. திங்கள் இரவு 6.20, செவ்வாய் காலை 6.20. செவ்வாய் இரவு 6.17. புதன் காலை 6.41.

தேவதத்தன் செவ்வாய் இரவு சாப்பிட்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை இரவு தாழ்வாரத்துக்கு எதிரே இருந்த அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். மாமா செய்தி பார்த்துவிட்டு ஒன்பதரைக்குத் தூங்கப் போனார். பத்தே காலுக்குச் சமையலறைக் கதவு திறந்தது. அரிசி டின்னை நகர்த்தும் சத்தம். கையில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டியும் இரண்டு கிளிப்புகளுமாக வந்தவர், இந்த ஆய்வாளனின் தாயார். மாமாவுக்கு அக்கா.

வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார். மூன்று மூடிகளையும் திருகிக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார். சிவப்புக் கிளிப், கறுப்புக் கிளிப். கிரைண்டருக்குப் போடும் பிளக்கிலிருந்து வயர். குனிந்து பேட்டரிக்குள் பார்த்தார், மாவு பொங்கியதா என்று பார்ப்பதுபோல.

"அம்மா" என்றேன்.

அம்மா திடுக்கிடவில்லை. "தூங்கலியா நீ? விளக்குக் கிளக்கு எதுவும் கொளுத்திடாத. இதுலேந்து வர காத்து பத்திக்குமாம், கடக்காரன் சொன்னான்." ஹைட்ரஜன் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அம்மா அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

"எத்தன நாளா?"

"மூணு வருஷம் ஆவுது. ஒருநாள் பாலத்து மேல வண்டி நின்னுபோச்சு. தள்ளிக்கிட்டே வந்தான். வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. கடக்காரனக் கேட்டேன், இத வாங்கிக் குடுத்தான். செவ்வா, வெள்ளி. தலைக்கு ஊத்திக்கிற நாளு, மறக்காது."

"ஏறிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"முத்து முத்தா விடும். மாவு புளிச்சா விடுமே, அந்த மாதிரி. மூணு குழிலயும் ஒண்ணுபோல விட்டா ஏறிடுச்சு. ஒண்ணுல மட்டும் விடலன்னா அந்தக் குழி சரியில்ல. தண்ணி கொறஞ்சிருந்தா ஏத்தினப்புறம்தான் ஊத்தணும். முன்னாடி ஊத்துனா வழிஞ்சி பூத்துடும். பூத்தா வெந்நீர்ல கழுவி வாசலின் தடவணும்."

ஏழு அளவைகள், பதினோரு பேர், ஒரு மல்டிமீட்டர். இவ்வளவும் சொல்லாததை இட்லி மாவு சொல்லியிருக்கிறது.

"டைனமோவக் கழட்டி சரி பண்ணிடலாமேம்மா. அரை நாள் வேல."

"தெரியும். அந்த மெக்கானிக் பையனும் சொன்னான். கழட்டினா, கெட்டுப்போச்சுன்னு இவனுக்குத் தெரிஞ்சுடும்ல?" அம்மா தாம்பாளத்தை ஓரமாக நகர்த்தினார். "பேட்டரி உக்காந்தா தூக்கி நிறுத்திடலாம். அவன் உக்காந்துடக் கூடாது."

சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர் வேறெங்கும் போகாமல் இந்த ஊருக்கு வந்தது, அவருடைய அக்கா திலகவதியார் இங்கே இருந்ததால்தான். கோயிலைப் பெருக்கி, மெழுகி, மாலை கட்டிக்கொண்டு, தம்பிக்காக வேண்டியபடி அக்கா இருந்தார். அக்கா கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு போய்த்தான் தம்பி தன் முதல் பதிகத்தைப் பாடினார். களம் பற்றிய பகுதியில் தேர், அச்சு, அசுரர் பெயர் என்று எல்லாவற்றையும் எழுதிய இந்த ஆய்வாளன், ஊருக்குத் தெரிந்த அந்த அக்காவை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறான். ஆய்வின் பெரும் குறைபாடு இதுவே.

8. முடிவுகள்

ஒன்று. திருவதிகை ஜாவாவின் சார்ஜிங் சிஸ்டம் நல்ல நிலையில் இருக்கிறது. அதன் பாகங்களாவன: ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு கிளிப், ஒரு கிரைண்டர் பிளக், ஓர் அக்கா.

இரண்டு. கிரிட்டில் ஓடும் கரண்ட்டில் இது எந்த ஊருடையது என்று முத்திரை கிடையாது. ஆனாலும் முப்பத்தைந்து வருடம் பழுப்பு நிலக்கரி வெட்டிய இடத்தில் வேலை பார்த்தவரின் வண்டிக்கு, வாரம் இரண்டு ராத்திரி நெய்வேலி கொஞ்சம் திருப்பித் தருகிறது என்று கொள்ள ஆய்வாளனுக்கு விருப்பம்.

மூன்று. இது வண்டியுள்ள எல்லாருக்கும். ஓடாதபோது ஓர் எண், ஓடும்போது ஓர் எண் பாருங்கள். சிவப்பு விளக்கு அணைந்திருப்பதை நம்புமுன் அது எரியுமா என்று பாருங்கள். எர்த்தைத் திட்டுமுன் அளந்துவிடுங்கள். ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள். காலையில் எண் கூடியிருந்தால், வீட்டில் யார் கடைசியாகத் தூங்குகிறார்கள் என்று கவனியுங்கள்.

அன்று இரவு அம்மா சுவிட்சைப் போட்டதும் போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டியில் சிவப்பு எரிந்தால் ஏறவில்லை என்று பொருள். இங்கே எரிந்தால் ஏறுகிறது.

மறுநாள் காலை மாமா உதைத்தார். முதல் உதையில் பிடித்தது. என்னைப் பார்த்தார்.

"என்னடா, ஏறுதா இல்லியா? முடிவாச் சொல்லு."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஏறுது மாமா."

"நான் சொல்லல?" என்று லீவரை மடக்கி, கியர் போட்டு, ஆளில்லாத தெருவில் ஒரு நீண்ட ஹாரன் அடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.